இரண்டு மொட்டைச் சுவர்கள்

மார்கழி பிறந்துவிட்டால் நம் பங்குகளில் பயண ஏற்பாடுகள் தொடங்கிவிடுகின்றன. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாள்களில், அன்னையின் படத்தை முகப்பில் கட்டிக்கொண்டு வேளாங்கண்ணி நோக்கி விரையும் பேருந்துகளைக் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகக் காணலாம். மாமல்லபுரத்தில் ஒரு நிறுத்தம், புதுவையில் காலையுணவு, கடற்கரையில் கைப்பேசிப் படங்கள், பிறகு கடலூர்ச் சாலை. புதுவைக்குத் தெற்கே நான்கு கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பத்து ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் கடலை நோக்கி ஒரு சிறு சாலை பிரிகிறது. அந்தச் சாலையில் நம் வண்டிகள் திரும்புவதில்லை. அங்கே இருப்பது அரிக்கமேடு. கேட்டால், "அங்கே பார்க்க என்ன இருக்கிறது? இரண்டு மொட்டைச் சுவர்கள்தானே?" என்பார்கள்.

இதைப் பயணத் திட்டத்தில் நேர்ந்த சிறு விடுபாடு என்று நம்மால் தள்ளிவிட முடியவில்லை. இடிந்த சுவரின் முன் பத்து நிமிடம் நின்று பார்க்கத் தெரியாத ஒரு சமூகமாக நாம் ஆகிவிட்டோம் என்பதே நம் குற்றச்சாட்டு. அப்படி நிற்கத் தெரியாதவர்கள்தாம் ஊருக்குத் திரும்பி, நூற்றாண்டு கண்ட தம் கோயிலைப் பங்குப் பேரவையின் ஒரே கூட்டத்தில் இடிக்கத் தீர்மானிக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், அங்கே என்னதான் இருக்கிறது?

அரியாங்குப்பத்து ஆறு கடலில் கலக்கும் முன் வளைந்து செல்லும் இடத்தில், மாவும் தென்னையும் அடர்ந்த தோப்புகளுக்கு இடையே உள்ள மண்மேடு அது. 18ஆம் நூற்றாண்டிலேயே லெ ஜந்தீல் என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர் அங்கிருந்த பழஞ்சுவர்களைப் பற்றி எழுதிவைத்தார். 20ஆம் நூற்றாண்டில் புதுவைப் பேராசிரியர் ழூவோ துப்ரேய், அங்கே கிடைத்த மணிகளையும் உருவம் செதுக்கிய கல்லையும் கண்டு ரோமானிய உறவை ஊகித்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அவருக்குப்பின் கசால் 1947 முதல் 1950 வரையும், விமலா பெக்லி 1989 முதல் 1992 வரையும் அகழ்ந்தனர். மதுவும் எண்ணெயும் வந்த இருகைப்பிடிச் சாடிகள் அங்கே கிடைத்தன. இத்தாலியின் அரெத்சோ நகரத்துச் செந்நிற மெருகுக் கலங்கள் கிடைத்தன. அவற்றின் அடியில் 'காமூரி', 'இட்டா' என்று குயவர் முத்திரைகள் இருந்தன. அதே மண்ணில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. கண்ணாடியிலும் கல்லிலும் மணிகள் செய்த பட்டறையின் கழிவுகள் இன்றும் மழைக்குப்பின் மண்ணில் மின்னுகின்றன. முதலாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'செங்கடல் பெரிப்ளூஸ்' என்ற கிரேக்க நூல் குறிக்கும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என அறிஞர் பலர் கருதுகின்றனர்.

ஆண்டவர் நாசரேத்துத் தச்சுப் பட்டறையில் உழைத்த காலத்திலேயே இத்தாலியக் குயவனின் தட்டு இந்த ஆற்றங்கரையில் யாரோ ஒரு தமிழரின் கையில் இருந்திருக்கிறது. இதைவிட வேறென்ன பார்க்க வேண்டும்?

இங்கே இரண்டு தவறான குரல்கள் எழுகின்றன. இரண்டையும் மறுத்தாக வேண்டும்.

"இது புறவினத்தார் இடம், திருப்பயணிக்கு இங்கே என்ன வேலை?" என்பது முதற்குரல். மீட்பு வரலாறு வானத்தில் நிகழ்ந்ததன்று. அகுஸ்து சீசரின் கணக்கெடுப்பும் பொந்தியு பிலாத்துவின் ஆட்சியும் அதில் இடம்பெற்றுள்ளன. ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடும் நம்பிக்கைத் தொகுப்பில் ஒரு ரோமானிய ஆளுநரின் பெயர் ஒலிக்கிறது. அந்தப் பேரரசின் கைப்பொருள்கள் நம் கடற்கரையில் கிடக்கும்போது, அதற்கும் நமக்கும் தொடர்பில்லை என்பது மனுவுருவேற்றை மறந்த பேச்சு.

இரண்டாம் குரல் இதைவிட ஆபத்தானது. "ரோமர் வந்தார்கள், ஆகவே புனித தோமையாரும் இங்கேதான் கரையிறங்கினார், அரிக்கமேடு நம் மறையின் சான்று" என்று சிலர் மேடையேறி முழங்குகிறார்கள். முதலாம் நூற்றாண்டில் செங்கடலிலிருந்து தமிழகத்துக்குக் கப்பல் வந்தது என்பதை அரிக்கமேடு காட்டுகிறது. அப்படியானால் திருத்தூதர் ஒருவர் கப்பலேறி வந்திருக்கக்கூடும் என்பது தெளிவு. வந்திருக்கக்கூடும் என்பதற்கும் வந்தார் என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை ஒரு சாடியின் ஓட்டைக் கொண்டு அடைக்க முடியாது. தோமையார் மரபுக்கு அதற்கே உரிய வலிமை உண்டு. மயிலையிலும் மலையாளக் கரையிலும் தலைமுறை தலைமுறையாக மக்கள் காத்துவந்த நினைவு அது. பொய்ச்சான்றுகளை அதற்கு முட்டுக்கொடுப்பவர்கள் அதை வலுவிழக்கவே செய்கிறார்கள்.

இந்த இடத்தை 'ரோமர் கட்டிய ஊர்' என்பதும் அதே வகைப் பிழை. ரோமானியக் கலங்கள் வருவதற்கு முன்பே இங்கே மக்கள் குடியிருந்தார்கள் என்பதைப் பிற்கால ஆய்வுகள் நிறுவியுள்ளன. மீன்பிடித்தவரும் பானை வனைந்தவரும் மணி கோத்தவருமே இத்துறைமுகத்தின் முதல் உரிமையாளர்கள். வெளிநாட்டார் வந்துதான் எதுவும் இங்கே தொடங்கியது என்ற எண்ணம் நம் திருச்சபை வரலாற்றையும் எவ்வளவு கெடுத்திருக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். மறைபரப்பாளர்களின் பெயர்களை மனப்பாடம் செய்யும் நாம், அவர்களுக்கு மொழி கற்பித்த உபதேசியார்களின் பெயரை எங்கே எழுதிவைத்தோம்?

இனி அந்த மொட்டைச் சுவர்களுக்கு வருவோம். அவை ரோமர் காலத்தவை அல்ல. அங்கே தரைக்குமேல் நிற்கும் செங்கற் சுவர்கள், 18ஆம் நூற்றாண்டில் இருந்த கத்தோலிக்க மறைப்பணி இல்லத்தின் எச்சங்கள். அதாவது, அவை நம்முடையவை. நாம் திரும்பிப் பாராமல் கடந்து செல்வது நம் சொந்த வீட்டின் இடிபாட்டைத்தான்.

அதன் கதை சுருக்கமாக இது. ஆசிய நாட்டு இளைஞர்களை ஆசியாவிலேயே குருக்களாக்க வேண்டும் என்ற நோக்குடன், பாரீஸ் வேதபோதக சபையினர் 1665இல் சயாம் நாட்டு அயுத்தியாவில் ஒரு பொதுக் குருமடம் தொடங்கினர். போரின் காரணமாக அது பின்னர் கம்போடியக் கடலோரத்து ஹோன் தாத் என்னும் இடத்துக்குப் பெயர்ந்தது. அங்கே அதன் தலைவராக இருந்த பியேர் பிஞ்ஞோ த பெஹேன் என்ற இளங்குரு 1768இல் சிறையிடப்பட்டு, கழுத்தில் கனத்த மரச்சட்டம் பூட்டப்பட்டு ஏறத்தாழ மூன்று மாதம் கிடந்தார். அடுத்த ஆண்டில் கொள்ளையர் குருமடத்தைத் தாக்கி எரித்தனர். மாணவர் சிலர் கொல்லப்பட்டனர். எஞ்சியவர்களை அழைத்துக்கொண்டு அவர் மலாக்கா வழியாகக் கடல் கடந்து புதுவை வந்து சேர்ந்தார். 1770இல், அரிக்கமேட்டை அடுத்த வீராம்பட்டினத்தில், குருமடம் மீண்டும் திறக்கப்பட்டது.

எரிந்த வீட்டிலிருந்து தப்பி வந்த அந்நிய நாட்டு இளைஞர்கள் நம் தென்னந்தோப்பில் அமர்ந்து இலத்தீன் இலக்கணம் பயின்றார்கள். அவர்களின் ஆசிரியர் அன்னாமிய மொழிக்கு ஓர் அகராதியை இங்கேதான் உருவாக்கினார். 1774 பிப்ரவரி 24ஆம் நாள் மயிலை சாந்தோமில் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1780களின் தொடக்கத்தில் இக்குருமடம் மூடப்பட்டது. சுவர்கள் சரிந்தன. ஆனால் குருமடம் சாகவில்லை. 1808இல் பினாங்கில் அது மறுபிறப்பெடுத்தது. இன்றும் அங்கே இயங்குகிறது. அங்கே கற்பித்த ஜாக் சாஸ்தான் 1839இல் கொரியாவில் மறைச்சாட்சியாக இறந்து 1984இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அங்கே பயின்ற பிலிப்பு பான் வான் மின் 1853இல் வியட்நாமில் தலை வெட்டுண்டு, 1988இல் புனிதரானார். இந்த வரிசையின் ஒரு கண்ணி நம் ஆற்றங்கரையில் இருக்கிறது.

இதையும் பெருமைக் கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. அதே ஆயர் பிற்காலத்தில் வியட்நாம் அரசுரிமைப் போரில் இறங்கி, 1787இல் பிரெஞ்சு அரசனோடு படையுதவி உடன்படிக்கைக்கு வழிசெய்தார். நற்செய்தியும் பீரங்கியும் ஒரே கப்பலில் ஏறிய காலம் அது. இடிபாடு நம்மை நேர்மையாக்குகிறது; முழுமையாக நிற்கும் மாளிகையைப்போல அது நம்மை ஏமாற்றுவதில்லை.

அண்மையில் ஒரு திசம்பர் விடுமுறையில் நம் பங்கினர் இரு வண்டிகளில் சென்றபோது, அங்கே ஒரு மணி நேரம் நின்றோம். வண்டியிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர், "ரெண்டு மொட்டைச் சுவரு. இதுக்கா சாமி வண்டியத் திருப்பச் சொன்னீங்க?" என்று வெளிப்படையாகவே கேட்டார். இளைஞர் ஒருவர் வண்டிச் சாவியை எடுத்துச் செங்கல்லில் தம் பெயரைக் கீறத் தொடங்கினார். "எந்த ராஜா கட்டின அரண்மனை சாமி?" என்று ஒரு பெண்மணி கேட்டார். "அரண்மனை இல்லையம்மா, இங்கே ஒரு குருமடம் இருந்தது. நம்முடையது" என்றோம். சாவி நின்றது. பேச்சும் நின்றது. சற்றுநேரம் கழித்துப் பெரியவரே மீண்டும் கேட்டார்: "நம்மளுதா? அப்ப ஏன் சாமி யாரும் சொல்லல?"

அந்தக் கேள்வி அவரோடு முடிந்துவிடவில்லை. மறைக்கல்வி நடத்தும் நம் அனைவரையும் நோக்கி அது நிற்கிறது. நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொழுதுபோக்குப் பூங்காவின் நுழைவுக் கட்டணத்தை அறிந்த நம் பிள்ளைகளுக்கு, இந்தச் சுவரைப்பற்றி ஒருவரும் சொன்னதில்லை. 1958ஆம் ஆண்டின் தொல்நினைவுச் சின்னங்கள் சட்டம், காக்கப்பட்ட இடங்களைச் சிதைப்பதைக் குற்றமென்கிறது. சட்டம் சாவியைத் தடுக்காது. "இது நம்முடையது" என்ற அறிவே தடுத்தது.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம்.

கடந்த சில பத்தாண்டுகளில் தமிழகத்து மறைமாவட்டங்களில் எத்தனை பழங்கோயில்கள் தரைமட்டமாயின என்பதை வாசகர்கள் தத்தம் வட்டாரத்தை எண்ணிப் பார்த்தாலே அறிவார்கள். மெட்ராஸ் ஒட்டுக் கூரையும் தேக்கு உத்திரமும் சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் கொண்ட கோயில், ஒரு வார காலத்தில் மண்வாரி இயந்திரத்துக்கு இரையாகிறது. ஒரு பங்கில் பழைய பிரசங்க மேடை விறகாயிற்று. மற்றொன்றில் அடிக்கல் துவைகல் ஆயிற்று. வேறோரிடத்தில் முதல் பங்குக் குருவின் கல்லறைக்கல் புதிய மண்டபத்தின் படிக்கட்டில் முகங்குப்புறக் கிடக்கிறது. அவ்விடங்களில் எழுந்திருப்பவை பளிங்குத் தரையும் அலுமினியச் சன்னலும் கொண்ட கூடங்கள். மின்விசிறியின் இறக்கையிலும் குழல்விளக்கின் பட்டையிலும்கூட உபயதாரர் பெயர் இருக்கிறது. அக்கோயிலை முதன்முதலில் மண் சுமந்து கட்டிய ஏழைகளின் பெயர் எங்குமில்லை.

புதுவையின் சம்பா கோயில் வரலாற்றை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1761இல் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்து நகரைத் தகர்த்தபோது அங்கிருந்த கோயிலும் தகர்ந்தது. இன்று நிற்பது 1791இல் எழுந்தது. அதற்கு முன்பு, 1748இல், அக்கோயிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயிலை இடிப்பதற்குச் சேசு சபையினர் தூண்டுகோலாக இருந்ததை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்திருக்கிறது. அது நம் வரலாற்றின் வெட்கம், மறைக்கக் கூடாதது. 2000ஆம் ஆண்டு யூபிலியில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் திருச்சபையின் மக்கள் செய்த குற்றங்களுக்காக இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். ஆக, பகைவர் நம் கோயிலை இடித்ததுண்டு. நாம் பிறர் கோயிலை இடித்ததுண்டு. அமைதிக் காலத்தில், நம் பணத்தைச் செலவிட்டு, மேளதாளத்தோடு நம் கோயிலை நாமே இடிப்பது மட்டும் நம் தலைமுறையின் தனிச்சாதனை.

இதற்குச் சொல்லப்படும் காரணங்களை நாம் அறியாதவர் அல்லர். "மக்கள் பெருகிவிட்டார்கள், இடம் போதவில்லை." சில இடங்களில் இது உண்மை. இடம் போதாவிட்டால் பக்கத்தில் கட்டலாம். பழையதை நற்கருணை ஆராதனைக்கோ திருமுழுக்குக்கோ வைத்துக்கொள்ளலாம். "மழை ஒழுகுகிறது, சுவர் விரிசல்." சுண்ணாம்புச் சுவர்மீது சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளுக்குள் உளுத்துப்போகும். மருந்தென்று நாமே நஞ்சைப் பூசிவிட்டு, நோயாளி தேறமாட்டான் என்கிறோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களும், பழங்கட்டடம் அறிந்த பொறியாளர்களும் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையேனும் கேட்ட பின்புதான் நாம் தீர்மானம் நிறைவேற்றுகிறோமா?

"கல்லா திருச்சபை? மக்களல்லவா திருச்சபை! எருசலேம் ஆலயமே அழியும் என்று ஆண்டவர் சொல்லவில்லையா?" என்று இறையியல் பேசுவோரும் உண்டு. ஆம், சொன்னார். அந்த நகரைப் பார்த்து அழவும் செய்தார். மக்களே திருச்சபை என்பதை அரிக்கமேட்டைவிட நன்றாக எந்தப் பாடநூலும் கற்பிக்காது. மூன்று முறை வீடிழந்த குருமடம் இன்றும் உயிரோடிருக்கிறது. ஆனால் இந்த வாதத்தைச் சொல்கிறவர் அடுத்த மூச்சில் புதுக்கோபுரத்துக்கு நிதி கேட்கிறாரே! கட்டடம் பொருட்டல்ல என்றால் கோடிகள் எதற்கு? பொருட்டு என்றால், முன்னோர் கட்டியது மட்டும் ஏன் பொருட்டாகவில்லை?

உண்மைக் காரணத்தை ஒளிக்காமல் சொல்வோம். பங்குக் குருக்களாகிய நாம் ஐந்தாறு ஆண்டுகளில் மாறிச் செல்பவர்கள். பழைய கூரையைச் செப்பனிட்டவரின் பெயரை எவரும் கல்லில் வெட்டுவதில்லை. புதுக்கோயில் கட்டியவரின் பெயர் வாயிலிலேயே நிற்கும். இந்த ஆசைக்குச் செல்வரின் விளம்பர ஆசை துணைநிற்கிறது. அடுத்த பங்கின் கோபுரம் ஐந்து அடி உயரம் என்ற பொறாமை மக்களைச் சேர்த்துவிடுகிறது.

திருச்சபைச் சட்டமோ வேறு வழி காட்டுகிறது. திருவழிபாடு பற்றிய 1963ஆம் ஆண்டுச் சங்க ஏடு, கலைமதிப்புள்ள திருப்பொருள்கள் கைமாறாமலும் அழியாமலும் ஆயர்கள் விழிப்பாயிருக்கப் பணிக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1189ஆம் சட்டம், மதிப்புமிக்க திருவுருவங்களைப் புதுப்பிக்கும் முன் ஆயரின் எழுத்து மூலமான இசைவையும் வல்லுநர் கருத்தையும் கோருகிறது. 1216ஆம் சட்டம் கோயிலைக் கட்டும்போதும் புதுப்பிக்கும்போதும் வல்லுநரைக் கலந்துகொள்ளச் சொல்கிறது. 535ஆம் சட்டம் பழைய பங்கேடுகளைக் கருத்தாய்க் காக்கச் சொல்கிறது. ஒரு சுரூபத்தின் மூக்கைப் பழுதுபார்க்க இத்தனை எச்சரிக்கை வேண்டுமென்றால், ஒரு கோயிலையே இடிக்க ஒரு மாலைக் கூட்டம் போதுமா?

பாபிலோனிய அடிமைத்தனத்துக்குப்பின் எருசலேமைக் கட்ட வந்த நெகேமியா, வந்த கையோடு கடைக்கால் தோண்டவில்லை. இரவில் சிலரோடு மட்டும் புறப்பட்டு, இடிந்த மதிலையும் எரிந்த வாயில்களையும் சுற்றிப் பார்த்தார். அதன்பிறகே மக்களை அழைத்தார். எரிந்துபோன கற்குவியலுக்கா உயிர்கொடுப்பார்கள் என்று பகைவர் எள்ளியபோதும் மதில் எழுந்தது. பார்ப்பது முதலில், கட்டுவது பிறகு. இந்த ஒழுங்கை நாம் தலைகீழாக்கிவிட்டோம்.

ஆகவே, அன்புள்ள இறைமக்களே, இரண்டு வேண்டுகோள்கள்.

அடுத்த திசம்பரில் உங்கள் பேருந்து அரியாங்குப்பத்துப் பாலத்தைக் கடக்கும்போது, ஓட்டுநரிடம் சொல்லி வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போதும். செல்லும் முன் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு அவ்விடத்தின் கதையைச் சொல்லுங்கள். கண்ணில் படும் மணியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாமல் அதே இடத்தில் விட்டுவரச் சொல்லுங்கள். மறைந்த குருமட மாணவர்களுக்காக ஒரு செபம் சொல்லுங்கள்.

உங்கள் கோயிலை இடிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தால், பங்குத்தந்தைக்கு அஞ்சாமல் எழுந்து நின்று மூன்றைக் கேளுங்கள்: சுண்ணாம்புக் கட்டடம் அறிந்த பொறியாளரின் எழுத்து மூலமான அறிக்கை எங்கே? ஆயரின் இசைவுக் கடிதம் எங்கே? ஒவ்வொரு சுவரையும் கல்வெட்டையும் கல்லறையையும் படமெடுத்து அளந்து பதிந்த ஏடு எங்கே? மூன்றும் கைக்கு வரும்வரை, முதல் கடப்பாரை சுவரைத் தொடக்கூடாது. இப்படிக் கேட்பது குருவை எதிர்ப்பதாகாது. கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. அக்கோயிலைக் கட்டியவர்கள் உங்கள் பாட்டன்மார்.